என்ஃபீல்டு ஃபியூரி: குரோம் பேரலை என்ன செய்யலாம்?

என்ஃபீல்டுன்னா எல்லாருக்கும் புல்லட்தான் ஞாபகம் வரும். ஆனா அதே சென்னைக் கம்பெனி 1980களில் சின்ன டூ-ஸ்ட்ரோக் வண்டிகளையும் விற்றது. 50 சிசி சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர், அப்புறம் ஃபியூரி. மூன்றுக்கும் மூலம் ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனி. ஃபியூரி பேரில் 175 என்று இருக்கும், உள்ளே 163 சிசிதான். ஐந்து கியர், முன்னால் பிரெம்போ ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். அந்தக் காலத்து இந்திய ரோட்டில் இதெல்லாம் ரொம்பப் புதுசு.

ஏன் ஓடலை? 1984-ல் சுண்டாப்பே திவாலாகி மூடிவிட்டது. அதே வருஷம் ஓசூரிலிருந்து டிவிஎஸ்-சுசுகி, அடுத்த வருஷம் ஹீரோ ஹோண்டாவும் ஆர்எக்ஸ் 100-ம் வந்தாச்சு. ஃபியூரி அபூர்வமானதுக்கு இதுக்கு மேல காரணம் தேட வேண்டாம்.

இன்றைக்கு ஒன்றை மீட்டெடுக்க நினைப்பவருக்குப் பெரிய தலைவலி பேரல். சாதாரண வண்டியில் அலுமினிய பேரலுக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருக்கும். தேய்ந்தா போரிங் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாம். ஃபியூரியில் ஸ்லீவே கிடையாது. அலுமினியத்தின் மேலேயே கெட்டியான குரோம் பூச்சு. புதுசில் இது அருமையான ஏற்பாடு: சூடு சீக்கிரம் வெளியேறும், தேய்மானமும் குறைவு. ஆனா பூச்சு ஓரிடத்தில் உரிஞ்சா கதை முடிஞ்சது. போரிங் பண்ணினா மிச்சக் குரோமும் போய்விடும்.

பெரும்பாலான லேத் பட்டறையில் கிடைக்கும் பதில், 'இரும்பு ஸ்லீவ் இறக்கிடலாம் சார்'. செய்யலாம்தான், ஆனா ஒரு கணக்கு இருக்கு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 60 மி.மீ. பிஸ்டன் 100 டிகிரி கூடுதலா சூடானா சுமார் 0.14 மி.மீ. பெருக்கும், அதே அளவு இரும்புத் துளை 0.07 மி.மீ. அளவுக்குத்தான் விரியும். அலுமினிய பேரல் பிஸ்டனோடு சேர்ந்தே விரிவதால் குறைந்த இடைவெளி போதும். இரும்பு ஸ்லீவில் பழைய இடைவெளியையே வைத்தால் நெடுஞ்சாலையில் ஜாம் ஆகும். டூ-ஸ்ட்ரோக் என்பதால் ஸ்லீவில் போர்ட் துளைகளும் பேரலின் போர்ட்டோடு அச்சா பொருந்தணும். பொருந்தலைன்னா வண்டி ஓடும், ஆனா அது ஃபியூரி மாதிரி ஓடாது.

இன்னொரு வழி நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு. செலவு அதிகம், செய்பவர்களும் குறைவு. காட்சிக்கு நிறுத்துகிற வண்டிக்கு ஸ்லீவே போதும். ஓட்டப்போகிறீர்கள் என்றால் காசைப் பூச்சில் போடுங்கள் என்பது என் கட்சி. பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் அப்புறம் பார்த்துக்கலாம்.

வாங்கப் போகும்போது ஹெட்டைக் கழற்ற விடுவார்கள் என்றால் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்க. பேரல் சுவரில் காந்தம் பிடித்துக்கொண்டால் யாரோ ஏற்கெனவே இரும்பு ஸ்லீவ் இறக்கியிருக்காங்க. பிடிக்கலைன்னா ஒரிஜினல் குரோம். டார்ச் அடித்து உரிந்த இடம் தேடுங்க.

வீட்டுக்கு வந்ததும் ஆசையில் கிக்கர் அடிக்காதீங்க. இருபது முப்பது வருஷம் நின்ற வண்டியில் கிராங்க் ஆயில் சீல் ரப்பர் இறுகிப் போயிருக்கும். பாயிண்ட் பக்கத்து சீல் கசிந்தா வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, சூடேறி, நாம் காப்பாற்ற நினைத்த அதே குரோம் கீறிப்போகும். கிளட்ச் பக்கம் கசிந்தா கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும். இரண்டு சீலும் சில நூறு ரூபாய் சமாச்சாரம். அளவு சீலிலேயே அச்சாகியிருக்கும். பேரிங் கடையில் காட்டினா பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியோடு ஒப்பிட்ட பிறகுதான் முன்பணம். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும்; ஃபியூரிக்கு இன்னும் வயசு போதாது. அதுவரை வழக்கமான எஃப்.சி. புதுப்பித்தல்தான்.