கர்ப்பிணிக்கு ரத்தம் பட்டால் "படுத்திரு" என்று சொல்லாதீர்! உள்ளே கருக்குழாய் வெடிக்கும் அபாயம்

நாள் தள்ளிப்போய் 50 நாள் ஆகிறது. மாமியார் தெருவெல்லாம் சொல்லி முடித்து விட்டார். அந்த நேரம் பார்த்து உள்பாவாடையில் ரத்தம்!

உடனே வீடு இரண்டு கட்சியாகி விடும். "போச்சு, கலைஞ்சு போச்சு" என்று அழுவது ஒரு கட்சி. "ஒண்ணும் இல்லை, ரெண்டு நாள் படுத்திரு" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு.

கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 4 பேரில் ஒருவருக்கு முதல் 3 மாதத்தில் ரத்தம் படுகிறது. அதில் பாதிப் பேருக்காவது கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு தெரிந்து விட்டால் நம்பிக்கை இன்னும் கூடும்.

சரி, கலைந்தே விட்டால்? ஆட்டோவில் போனாள், குடம் தூக்கினாள் என்று அந்தப் பெண்ணையே கூண்டில் ஏற்றுகிறார்கள். பாவம்! 3 மாதத்துக்குள் கலையும் கருவில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. ஆட்டோக்காரர் என்ன செய்வார்? படுத்தே கிடந்தால் கரு நிற்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

குழாயில் கரு

பயப்பட வேண்டிய ஆள் வேறு. கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி விடுவது! 100 கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இப்படி ஆகிறது. குழாயோ மெல்லியது. கரு வளர வளர அது வெடித்து விடும். வெளியே சொட்டுச் சொட்டாகத்தான் படும். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக் கொண்டிருக்கும்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி. இவைதான் அடையாளம். வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உள்ளே தேங்கும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்த நரம்பின் வலி தோளில் தெரிகிறது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்கு போன் போடுங்கள். பஸ்சுக்கு நிற்காதீர்கள். மணிக்கு 2 பேடு நனைகிற அளவுக்குக் கொட்டினாலும் அப்படியே.

ஆரம்பத்திலேயே ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் தெரிந்தால் சிலருக்கு ஊசி மருந்திலேயே சரியாகிறது. வெடித்த பிறகு ஆபரேஷன்தான்.

மருந்துக்கடை விபரீதம்

சீட்டு இல்லாமல் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. 1971-ம் ஆண்டு சட்டப்படி, தகுதி பெற்ற டாக்டர் மூலம்தான் கருக்கலைப்பு செய்ய வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை விற்பதே குற்றம். அது குழாயில் இருக்கும் கருவைக் கலைக்காது. ஆனால் ரத்தம் மட்டும் படும். "வேலை முடிஞ்சுது" என்று நம்பி அந்தப் பெண் மறுநாள் ஆபீசுக்குக் கிளம்பி விடுவாள். குழாய் உள்ளே அப்படியே இருக்கும். கல்லாவில் விழும் சில நூறு ரூபாய்க்காக இந்த விஷப்பரீட்சை தேவையா, கடைக்கார அண்ணாச்சி?

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கடைசியாக மாதவிலக்கான தேதியைக் குறித்துக் கொண்டு போங்கள். மாத்திரை ஏதாவது போட்டிருந்தால் மறைக்க வேண்டாம். ரத்த குரூப் நெகட்டிவ் என்றால் அதையும் சொல்லி விடுங்கள். ஆன்டி-டி ஊசி தேவையா என்று டாக்டர் பார்ப்பார். தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.