இரண்டு பட்டினிகளுக்கு நடுவே

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சிப்பி வளர்ப்பவர்களுக்கு விதை பார்சலில் வந்து சேர்கிறது. ஈரத்துணியில் பொதிந்து குளிர்பெட்டியில் வரும் அந்தப் பழுப்பு உருண்டை எலுமிச்சம்பழ அளவுதான். அதற்குள் ஏறத்தாழ 20 லட்சம் பசிபிக் சிப்பி லார்வாக்கள் உயிரோடு இருக்கும்.

இந்தப் பருவத்தை எட்டுவதற்குள் ஒரு பட்டினி முடிந்துவிட்டது. இன்னொன்று காத்திருக்கிறது.

கருவுற்ற முட்டை ஓரிரு நாளில் ஓடு கட்டிய லார்வாவாகிறது. அதுவரை முட்டைக்குள் தாய் வைத்த சத்துதான் கைமுதல்; இதுதான் முதல் பட்டினி. வாய் செயல்படத் தொடங்கியதும் பொரிப்பகத்தார் நுண்பாசி ஊட்டுகிறார்கள். சுமார் 5 மைக்ரான் அளவுள்ள ஐசோகிரைசிஸ் அந்தச் சின்ன வாய்க்குள் எளிதாக நுழையும். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை வளர்த்தெடுத்தபோது ஊட்டியதும் இதே பாசிதான். அமெரிக்கப் பொரிப்பகங்களில் லார்வா வளர வளர கீட்டோசெரஸ் போன்ற டயாட்டம்களையும் கலந்து தருகிறார்கள். இரண்டிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் வேறுவேறு; லார்வாவுக்கு இரண்டுமே வேண்டும். தீனி மிஞ்சினாலும் ஆபத்து: தின்னாத பாசி அழுகி, பாக்டீரியா பெருகும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் யார் வயிறாரத் தின்றது என்பது தெரிந்துவிடும். கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் செரிமானச் சுரப்பி பொன்பழுப்பாக இருந்தால் நல்லது, வெளிறியிருந்தால் பசி.

இரண்டு, மூன்று வாரத்தில் உடலில் கறுப்பாக ஒரு கண்புள்ளி தோன்றும், கால் முளைக்கும். 240 மைக்ரான் சல்லடையில் தங்குபவை பார்சலுக்குப் போகின்றன. வாங்கியவர் தொட்டியில் கழுவிய பழைய சிப்பி ஓடுகளை அடுக்கி, வெதுவெதுப்பான கடல்நீர் நிரப்பி, லார்வாக்களை விடுகிறார். லார்வா காலை நீட்டி ஊர்கிறது, தடவிப் பார்க்கிறது, பிடிக்காவிட்டால் நீந்திப் போகிறது. தன் இனத்தின் ஓடும் அதன்மேல் படிந்த நுண்ணுயிர்ப் படலமும் அதை ஈர்க்கும். இடம் பிடித்துவிட்டால் ஒருவகைப் பசையைச் சுரந்து இடது ஓட்டை ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆயுள் முழுக்க அதே இடம்தான்.

இரண்டாம் பட்டினி அங்கே தொடங்குகிறது. நீந்தவும் தின்னவும் உதவிய மயிரிழை உறுப்பு கரைந்துபோகிறது. உணவை வடிகட்ட வேண்டிய செவுள் இன்னும் தயாராகவில்லை. இடைப்பட்ட நாட்களைச் சேர்த்துவைத்த கொழுப்பை வைத்தே கடக்க வேண்டும். அரைவயிறாக வளர்ந்தது ஒட்டினாலும் பிழைப்பது கடினம்.

முதல் பட்டினி எவ்வளவு நெருக்கடியானது என்பதை ஆரிகன் மாநிலத்தின் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் உள்ள விஸ்கி க்ரீக் பொரிப்பகம் 2007 முதல் அனுபவித்தது. லார்வாக்கள் கோடிக்கணக்கில் மடிந்தன. முதலில் விப்ரியோ பாக்டீரியாவைச் சந்தேகித்தார்கள். கிருமியைக் கட்டுப்படுத்திய பிறகும் சாவு நிற்கவில்லை. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நீரைச் சோதித்தபோது காரணம் பிடிபட்டது. வடக்குக் காற்று வீசும்போது, கரியமில வாயு மிகுந்த ஆழ்கடல் நீர் கரைக்கு மேலேறுகிறது. மனிதர் எரித்த எரிபொருளின் வாயுவும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த நீரில் சுண்ண ஓடு கட்ட லார்வாவுக்குக் கூடுதல் சக்தி செலவாகும். முட்டையின் சத்து ஓட்டுக்கே தீர்ந்துவிட்டால், தொட்டியில் எவ்வளவு பாசி இருந்தும் பயனில்லை.

பொரிப்பகத்தார் நீர் எடுக்கும் நேரத்தை மாற்றினார்கள். விரிகுடாவின் கடற்புற்கள் பகலெல்லாம் ஒளிச்சேர்க்கை செய்து கரியமில வாயுவை உறிஞ்சுவதால், பிற்பகல் நீர் லார்வாவுக்கு உகந்தது. அதோடு சோடியம் கார்பனேட்டும் கலந்தார்கள். உற்பத்தி மீளத் தொடங்கியது. இந்த ஆய்வு 2012இல் வெளியானது. கடலில் தானாக முட்டையிட்டு வளரும் சிப்பிகளுக்கோ, நீரைத் திருத்தித் தர யாரும் இல்லை.