வீடு திரும்புமுன் கேட்டுவிடுங்கள்!

கெடா தோட்டப்புறச் சகோதரிகளே! கரு கலைந்து, சுங்கைப் பட்டாணிக்கோ கூலிமுக்கோ பெரியாஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். "இனி தீட்டு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடுகிறோம்.

அந்தக் கணக்குத்தான் தப்பு! கரு கலைந்த இரண்டே வாரத்தில் முட்டை முதிர்ந்துவிடலாம். தீட்டு வருமுன்பே மறுபடி கரு தங்கலாம். இரத்தம் குறைந்த உடம்பு எத்தனைதான் தாங்கும்?

வார்டை விட்டு வருமுன் மிஸ்ஸியிடம் வாய் திறந்து கேளுங்கள். மாத்திரையை அன்றே தொடங்கலாம். மூன்று மாத ஊசியும் அன்றே போடலாம். கர்ப்பப்பை சுத்தமாகி, கிருமித் தொற்றும் இல்லையென்றால் வளையம் வைக்கலாம். எது ஒத்துவரும் என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். வேண்டாமென்றால் கட்டாயமில்லை; முடிவு உங்களுடையது.

தானாகக் கலைந்தாலும் சரி, டாக்டர் கலைத்தாலும் சரி, வெட்கம் எதற்கு? கருவைச் சுமப்பதால் தாயின் உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ ஆபத்தென்றால், டாக்டர் அதைக் கலைக்க 1989-இல் திருத்திய சட்டம் இடம் தருகிறது.

அண்ணன்மார்களே! அழைத்துவரப் போகும்போது நீங்களும் மிஸ்ஸியிடம் இரண்டு வார்த்தை கேளுங்கள். அடுத்த பிள்ளை எப்போது என்பதை இருவரும் கூடிப் பேசுவோம். தாய் தேறினால்தானே குடும்பம் தேறும்?