‘ஸ்னாம்’ என்றால் அறிவேன்



அறிதலைக் குறிக்கும் ‘நோ’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதும்போது முன்னால் ‘கே’ என்ற எழுத்தைப் போடுகிறோம், வாசிக்கும்போது விட்டுவிடுகிறோம். ஏன் என்று பிள்ளைகள் கேட்பது நியாயந்தான். அதற்கு விடை காணத் தென்கிழக்கு ஐரோப்பாவுக்குப் போவோம். முன்பு யூகோஸ்லாவியா என்றிருந்த நாட்டின் பெருமொழி செர்போ-குரோவேசியம். 1991இல் அந்நாடு உடையத் தொடங்கியது. இன்று அம்மொழி செர்பியம், குரோவேசியம், போஸ்னியம், மொண்டெனேகிரியம் என நான்கு பெயர்களில் வழங்குகிறது. பெயரில் பூசல் உண்டு; ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு நன்றாகவே விளங்கும்.

அங்கே அறிதலுக்கு ‘ஸ்னாத்தி’ என்பார்கள். முதல் ஒலியை வண்டு ரீங்கரிப்பதுபோல் சொல்லவேண்டும். அறிவேன் என்பதற்கு ‘ஸ்னாம்’, அறிவாய் என்பதற்கு ‘ஸ்னாஷ்’. அறிவான், அறிவாள் இரண்டிற்கும் ‘ஸ்னா’. அறிவோம் ‘ஸ்னாமோ’, அறிவீர்கள் ‘ஸ்னாத்தே’, அறிவார்கள் ‘ஸ்னாயு’. பெரியவர் ஒருவரிடம் பேசும்போதும், நாம் ‘நீங்கள்’ என்பதுபோல, ‘ஸ்னாத்தே’ என்பதே மரியாதை.

மலாய் மொழியில் ‘தாஹு’ யாருக்கும் மாறாது. ‘சாயா’, ‘டியா’ என்று ஆளைச் சொல்லியே ஆகவேண்டும். இங்கோ, தமிழில் போலவே, விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. ஆனால் இறந்தகாலத்தில் ஒரு புதுமை: ‘அறிந்தேன்’ என்று ஆண் சொன்னால் ‘ஸ்னாவோ ஸம்’, பெண் சொன்னால் ‘ஸ்னாலா ஸம்’. நம் ‘அறிந்தேன்’ இருபாலார்க்கும் பொது அல்லவா?

இனி, இச்சொல் பிறந்த கதை. ஸ்லாவிய மொழிகள், ஆங்கிலம், கிரேக்கம், வடமொழி யாவும் ஒரு குடும்பம். அவற்றின் மூதாதை மொழியில் ‘க்னோ’ போன்ற வேர் ஒன்று இருந்ததென மொழிநூலார் கணிக்கின்றனர். அதன் முதல் ஒலி ஸ்லாவிய மொழிகளில் ரீங்காரமாயிற்று. வடமொழியில் ‘ஜ்ஞா’ என்றாயிற்று. ஆங்கிலத்தில் ‘க்’ என்று ஒலித்தது, 17ஆம் நூற்றாண்டையொட்டி ஒலி மறைந்து எழுத்து மட்டும் தங்கிவிட்டது. பிள்ளைகளின் கேள்விக்கு இதுதான் விடை.

நம் ‘அறி’, ‘தெரி’ இரண்டும் திராவிட வேர்கள். இக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘ஞானம்’ இதே வேரில் பிறந்தது. செர்பியர் அறிவை ‘ஸ்னான்யே’ என்கின்றனர். குரோவேசியர் விஞ்ஞானத்திற்கு ‘ஸ்னானோஸ்த்’ என்பர். இரு சொற்களிலும் ஒரே வேர்!

‘ஸ்னாம்’ என்பதன் கடைசி மகரம் பழைமையானதன்று. அது ‘யேஸம்’, அதாவது ‘இருக்கிறேன்’ போன்ற ஒருசில வினைகளுக்கே உரியதாயிருந்து, பிறகு மற்ற வினைகளிலும் பரவியது. வடமொழி ‘அஸ்மி’யில் இருப்பதும் இந்த மகரமே. மகரம் பரவாத ரஷ்ய மொழியிலோ, அறிவேன் என்பதற்கு இன்றும் ‘ஸ்னாயு’தான். ஆகவே ரஷ்யர் ‘நான் அறிவேன்’ என்று சொல்ல, பழக்கமில்லாத செர்பியர் காதில் அது ‘அவர்கள் அறிவார்கள்’ என்று விழும்.