காசு கொடுத்துத் தள்ளாடும் ஊர்வலம்! வெளிநாடு போகும் வாலிபர்களே, உஷார்!

பெருங்களத்தூர்-

பெருங்களத்தூரில் மின்சார ரெயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் திரிசூலம். இறங்கி ரோட்டைக் கடந்தால் மீனம்பாக்கம் விமான நிலையம்.

ஒரு காலத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு விமானம் என்பது அண்ணாந்து பார்க்கிற சமாச்சாரம். தாம்பரம் வரை போய் வந்தாலே பெரிய பயணம்.

இப்போது அப்படி இல்லை. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டு கார் செய்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டிடங்கள். உள்ளே கம்ப்யூட்டர் வேலை. பீர்க்கன்காரணையிலும் இரும்புலியூரிலும் வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. கம்பெனி அனுப்பி போகிறவர் உண்டு. அக்கா வீட்டைப் பார்க்கப் போகிறவர் உண்டு. சீட்டுப் பணம் எடுத்து நாலு நாள் ஊர் சுற்றப் போகிறவரும் உண்டு.

போன இடத்தில் கோவில், கோபுரம், கடைவீதி எல்லாம் பார்த்தாகி விட்டது. ராத்திரி என்ன செய்வது?

அங்கேதான் காத்திருக்கிறது "பப் கிரால்"!

அது என்ன கிரால்?

"பப்" என்றால் உட்கார்ந்து குடிக்கிற மதுக்கடை. "கிரால்" என்றால் இங்கிலீஷில் தவழ்வது. முதல் கடைக்கு நடந்து போகிறவன் கடைசிக் கடைக்குத் தவழ்ந்துதான் போவான் என்று வெள்ளைக்காரன் வைத்த பேர். பேரிலேயே உண்மையைச் சொல்லி விட்டான். அந்த மட்டும் நேர்மைதான்!

நண்பர்கள் நாலு பேர் தாங்களாகவே கடை கடையாகப் போனால் அது அவர்கள் பாடு. ஆனால் ஐரோப்பாவில் இது ஒரு பெரிய வியாபாரம். டிக்கெட் உண்டு. வழிகாட்டி உண்டு.

பெருங்களத்தூர் வாலிபர் ஒருவர், கூட ஒரு சிநேகிதரோடு போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு ஊரின் நடுச் சதுக்கத்தில் கூட்டம் சேரும். கலர் பனியன் போட்ட வழிகாட்டி கையில் ஒரு பட்டை கட்டி விடுவார். கட்டணம் இருபது, முப்பது யூரோ. நம் பணத்தில் சுமார் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ரூபாய்.

முதல் ஒரு மணி நேரம் பீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். அளவே கிடையாது. பிறகு மூன்று, நான்கு பப். ஒவ்வொன்றிலும் நுழைந்ததும் சின்ன கிளாசில் காரமான சரக்கு "இலவசம்". கடைசியில் ஒரு நடன விடுதி. வாசலில் நீண்ட வரிசை நிற்கும். கையில் பட்டை கட்டியவருக்கு வரிசை இல்லை, நேராக உள்ளே.

கேட்கும்போது "அடடா, மலிவாக இருக்கிறதே!" என்று தோன்றும்.

மோட்டல் கதைதான்!

இதன் சூட்சுமம் பெருங்களத்தூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ராத்திரி பஸ் ஏறி ஊருக்குப் போகிறோம். நடுவழியில் ஒரு மோட்டலில் பஸ் நிற்கிறது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி மேஜை, பில் கிடையாது. பயணிக்கு ஒரு தோசை என்ன விலை என்பது சாப்பிட்டவருக்குத்தான் தெரியும்.

பப் ஊர்வலமும் அதே கணக்குத்தான். நாற்பது பேரை மொத்தமாக ஓட்டிக்கொண்டு வருகிறார் வழிகாட்டி. கடைக்காரருக்கு வியாபாரம். இலவச கிளாஸ் விரல் உயரம். அது தொண்டையில் இறங்கியதும் அடுத்த கிளாசுக்கு பர்சைத் திறக்க வேண்டும். நாற்பது பேரில் முப்பது பேர் திறப்பார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஒரு சின்ன பாட்டில் பீரில் உள்ள போதையை உடம்பு கழிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இது டாக்டர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. ஊர்வலத்திலோ முதல் ஒரு மணி நேரத்திலேயே நாலைந்து பாட்டில் இறங்கி விடுகிறது. அதன் மேல் கடைக்கு ஒரு காரச் சரக்கு.

"போதும்டா, ரூமுக்குப் போயிடலாம்" என்பார் ஒருவர்.

"டேய் மச்சான், காசு கட்டியாச்சுடா! இன்னும் ரெண்டு கடை பாக்கி இருக்கு. விட்டுட்டுப் போவியா?" என்பார் மற்றவர்.

அந்த "காசு கட்டியாச்சு"தான் ஆளைக் கவிழ்க்கிறது. டாஸ்மாக் பாரில் உட்கார்ந்தவன்கூட எப்போது எழுந்திருப்பது என்பதைத் தானே முடிவு செய்கிறான். இங்கே அதை முடிவு செய்கிறவர் பனியன் போட்ட வழிகாட்டி.

எல்லா ஊர்வலமும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் இலக்கிய பப் ஊர்வலம் என்று ஒன்று உண்டு. நடிகர்கள்தான் வழிகாட்டிகள். ஜேம்ஸ் ஜாய்ஸ், ஆஸ்கார் வைல்டு போன்ற அந்த ஊர் எழுத்தாளர்களின் காட்சிகளைத் தெருவிலும் பப்பிலும் நடித்துக் காட்டுவார்கள். குடிக்காதவர்களும் போகலாம். அதில் போய் வந்து மறுநாள் கோர்ட்டில் நிற்கிறவர் அபூர்வம்.

நகரங்கள் கொதிப்பு

செக் நாட்டுக்காரர்கள் உலகத்திலேயே அதிகம் பீர் குடிக்கிறவர்கள். தலைக்கு வருஷம் நூற்றி இருபது லிட்டருக்கும் மேல். அந்த நாட்டுத் தலைநகரம் பிராக். அங்கே பப் ஊர்வலம் பிரசித்தம்.

அந்த பிராக் நகரமே பொறுக்க முடியாமல் 2024 அக்டோபரில் ஒரு முடிவு எடுத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை டூர் கம்பெனிகள் பப் ஊர்வலம் நடத்தக்கூடாது. தடை!

காரணம், தூக்கம். ஆமாம், பழைய நகரத்தில் குடியிருப்பவர்களின் தூக்கம். நள்ளிரவில் கும்பல் கும்பலாகக் கூச்சல். வீட்டு வாசலில் வாந்தி. கதவோரத்தில் சிறுநீர். தெருவில் மதுக்கடை வேண்டாம் என்று வெயிலில் மறியலுக்கு உட்கார்ந்த தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிராக் நகரத்து அம்மாக்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள்.

ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா முந்திக்கொண்டது. அங்கே பழைய நகரப் பகுதியில் 2012 முதலே ஊர்வலத்துக்குத் தடை. அதே நாட்டின் பலேரிக் தீவுகளில், குடிகாரக் கூட்டம் மொய்க்கும் சில பகுதிகளில் 2020-ல் தடை போட்டார்கள். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று மது விற்பதையும் சேர்த்தே நிறுத்தினார்கள்.

ஆறு பேர் பலி

கூச்சல், குப்பை என்றால் அந்த ஊர்க்காரர் கவலை. உயிர் போனால்?

தாய்லாந்துக்குப் பக்கத்தில் லாவோஸ். அங்கே வாங் வியெங் என்ற ஊர், முதுகில் பை மாட்டிய வெளிநாட்டு வாலிபர்களின் உல்லாசபுரி. 2024 நவம்பரில் அங்கே ஆறு வெளிநாட்டுப் பயணிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆஸ்திரேலியப் பெண்கள் இருவர். இருவருக்குமே வயது 19. டென்மார்க் பெண்கள் இருவர். ஓர் அமெரிக்கர். ஒரு பிரிட்டிஷ் பெண் வக்கீல்.

குடித்ததில் மெத்தனால் கலந்திருந்தது! தங்கிய விடுதியில் இலவசமாகக் கொடுத்த மதுவைக் குடித்திருந்தார்கள் என்று செய்திகள் வந்தன.

மெத்தனால் என்றால் பெருங்களத்தூர் வாசகருக்குப் பதறும். 2023 மே மாதம் மரக்காணத்திலும் சித்தாமூர் பக்கத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்தில் செத்தது இந்த மெத்தனாலால்தான். சித்தாமூர் செங்கல்பட்டு மாவட்டம். பெருங்களத்தூரும் அதே மாவட்டம். அடுத்த வருஷம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. அங்கே பலி 60-ஐத் தாண்டியது.

"அது ஏழைகள் குடிக்கிற பாக்கெட் சாராயம். வெளிநாட்டில் பளபளவென்று கண்ணாடி கிளாசில் கொடுக்கிறானே, அதில் என்ன வரப்போகிறது?" என்று நினைப்பவர் பலர். செக் நாட்டிலேயே 2012 செப்டம்பரில் லேபிள் ஒட்டிய பாட்டிலில் மெத்தனால் கலந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசாங்கம் காரச் சரக்கு விற்பனையை நாடு முழுக்க ஒரேயடியாக நிறுத்தி வைத்தது.

மெத்தனாலுக்கு நிறம் கிடையாது. சாராயத்தோடு கலந்தால் வாசனையிலும் தெரியாது. குடித்ததும் ஒன்றும் செய்யாது. பன்னிரண்டு மணி, ஒரு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். தலைவலி, வாந்தி, வயிற்றுவலி. "ராத்திரி குடித்தது இன்னும் தெளியவில்லை" என்று போர்த்திக்கொண்டு படுத்து விடுவார்கள். அதற்குள் உடம்பில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்கும். பனிக்குள் பார்ப்பது போல் இருக்கும். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் உயிர் பிழைத்தாலும் கண் பிழைக்குமா என்பது சந்தேகம்.

சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு. டயாலிசிசும் செய்வார்கள். ஆனால் முந்தின இரவு எந்தெந்தக் கடையில் என்னென்ன குடித்தோம் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டுமே! நாலு கடையில் நாலு பேர் நீட்டியதை வாங்கிக் குடித்தவர் என்ன சொல்வார்?

சிங்கப்பூரில் சட்டம் கடுமை

பெருங்களத்தூரிலிருந்து ஐரோப்பா போகிறவர் சிலர். சிங்கப்பூர் போகிறவர் பலர். அங்கேயும் கிளார்க் கீ என்ற ஆற்றங்கரைப் பகுதியில் பப் வரிசை உண்டு, ஊர்வலமும் உண்டு.

அங்கே முதலில் பர்ஸ் அழும். காரச் சரக்கில் உள்ள ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 டாலர் வரி. சிங்கப்பூர் டாலரில்!

பர்ஸ் போனால் போகட்டும். சட்டம் விடாது. 2015 ஏப்ரல் முதல் தேதியில் இருந்து இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது குடிப்பது குற்றம். பப்புக்கு உள்ளே குடிக்கலாம். ஒரு பப்பிலிருந்து அடுத்த பப்புக்கு நடக்கும்போது கையில் டின்னைப் பிடித்து ஒரு மடக்கு குடித்தால் 1,000 டாலர் வரை அபராதம். மீண்டும் பிடிபட்டால் 2,000 டாலர் வரை அபராதம், இல்லாவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில்.

நம்மவர்கள் கூடும் "லிட்டில் இந்தியா"வில் இன்னும் கெடுபிடி. சனிக்கிழமை காலை 7 மணியில் இருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை அங்கே பொது இடத்தில் குடிக்கவே கூடாது.

அது ஏன் லிட்டில் இந்தியாவில் இந்தக் கட்டுப்பாடு?

அதன் பின்னால் ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளியின் சாவு இருக்கிறது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. தொழிலாளர் விடுதிக்குத் திரும்பும் பஸ்சில் 33 வயது கட்டிடத் தொழிலாளி ஒருவர் ஏறினார். குடித்திருந்தார். இறங்கச் சொன்னார்கள். இறங்கியவர் நகர்ந்த பஸ்சின் கூடவே போய், தடுமாறி விழுந்து சக்கரத்தில் சிக்கினார்.

கூட்டம் கொதித்தது. ரேஸ்கோர்ஸ் ரோடு சந்திப்பில் ஆம்புலன்சும் போலீஸ் காரும் எரிந்தன. நாற்பது வருஷமாகக் கலவரம் பார்க்காத ஊர் சிங்கப்பூர். விசாரணைக் கமிட்டி சொன்ன காரணங்களில் குடியும் ஒன்று.

25 பேர் மீது வழக்கு. அது மட்டுமா? 57 பேர் விமானம் ஏற்றி ஊருக்கே அனுப்பப்பட்டார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், அடகு வைத்த நகை, வட்டி எல்லாம் ஒரே ராத்திரியில் தலையில் விழுந்தது. இவர்கள் ஊர்வலத்துக்குப் போனவர்கள் அல்ல. வாரம் முழுக்கக் கல், மண் சுமந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கூடியவர்கள். பாவம்!

கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவருக்கும் கையில் இருப்பது அதே மாதிரி அனுமதிச் சீட்டுத்தான். பப்பில் போதையில் ஒரு பெண் மீது கை பட்டு, மானபங்கம் என்று வழக்கானால் அந்த நாட்டில் மூன்று வருஷம் வரை ஜெயில். பிரம்படியும் உண்டு. "போதையில் தெரியாமல் நடந்து விட்டது" என்பது அங்கே செல்லாது.

போகிறவர்கள் கவனத்துக்கு

இவ்வளவு சொல்லியும் போகிறவர் போகத்தான் போகிறார். அவர்களுக்கு, பல ஊர் சுற்றியவர்கள் வழக்கமாகச் சொல்வது:

பாஸ்போர்ட்டை ரூமிலேயே பூட்டி விட்டு அதன் நகலைச் சட்டைப்பையில் வைக்க வேண்டும். ஓட்டல் விலாசச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் போகக்கூடாது. பாட்டிலைக் கண் முன்னால் திறக்கச் சொல்ல வேண்டும். சின்ன கிளாசில் நீட்டுகிற "இலவசத்தை" வேண்டாம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாங்கிக் கீழே வைத்து விட்டாலும் கேட்க ஆள் இல்லை. நண்பர் ஒருவர் மறுநாள் மத்தியானமும் எழுந்திருக்கவில்லை, கண் மங்குகிறது என்றால் மோர் கொடுத்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

பிராக் நகரத்துத் தடை இரவு 10 மணிக்குத்தான் ஆரம்பம். அதற்கு முன்னால் ஊர்வலம் நடத்தலாம். தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடை ஷட்டரை இறக்குவதும் அதே 10 மணிக்குத்தான். அங்கே பத்து மணிக்கு வழிகாட்டி விடைபெற்றுக்கொள்கிறார். இங்கே அந்த நேரத்துக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் தள்ளாடுகிறவர்களை ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்தி விடுகிறார்கள்.