யாழ்வினைச் சொற்கள்: செய்முறைவழிப் பொருள்காணல்

சங்க நூல்களைப் பிறமொழிகளில் பெயர்ப்போர்க்கு இடர் விளைக்கும் சொற்களுள் ஒன்று யாழ். ஆங்கிலப் பெயர்ப்புகளில் இக்கருவி ஓரிடத்து ஹார்ப் எனவும் பிறிதோரிடத்து லூட் எனவும் வழங்கப்படுகின்றது. வடஇந்திய மொழிகளில் பெயர்ப்போர் வீணா என்னும் சொல்லைக் கொள்ள இடமுண்டு. இது பெயர்த்தேர்வு பற்றிய சிக்கல் மட்டும் அன்று. கருவி இன்னதென்பது மாறின் அதன் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களின் பொருளும் உவமைகளின் பொருத்தமும் உடன் மாறும். கருவி எவ்வாறு செய்யப்பட்டது என்பதை அறிவதே இச்சொற்களின் பொருளைத் தெளிவதற்கு உற்ற வழி என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் அமைப்பு

யாழின் மிக எளிய வடிவைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. ஆயன் ஒருவன் உள்ளே துளையுடைய குமிழ மரக்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து இசைக்கின்றான். வில்லின் வடிவே இக்கருவிக்கு அடிப்படை. அதனோடு ஒலியைப் பெருக்கும் குடுக்கையைச் சேர்த்தால் சீறியாழும் பேரியாழும் தோன்றும்.

இத்தகைய வளைகோட்டு யாழ் பார்குத், சாஞ்சி, அமராவதிச் சிற்பங்களிலும், மும்பைக்கும் புனேவுக்கும் இடையே லோனாவலாவை அடுத்துள்ள பாஜா குடைவரையிலும் காணப்படுகின்றது. 4ஆம் நூற்றாண்டினனான சமுத்திரகுப்தனின் பொற்காசிலும் அது இடம்பெறுகின்றது. மியான்மரின் சௌங் இக்குடும்பத்தைச் சார்ந்ததாய் இன்றும் வழக்கில் உள்ளது. மத்தியப் பிரதேசத்து மண்டலாப் பகுதியில் பர்தான் இசைஞர் கையாண்ட ஐந்து நரம்புக் கருவியும் இவ்வகையினதே.

வீணையில் நரம்புகள் தண்டின்மீது அதற்கு இணையாகச் செல்லும். விரலால் மெட்டில் அழுத்தி ஒரே நரம்பில் பல சுரங்களைப் பெறலாம். யாழில் நரம்புகள் பத்தரின் தோலிலிருந்து எழுந்து கோட்டைச் சென்றடையும். அழுத்துதற்குரிய தண்டு அவற்றின் கீழ் இல்லை. எனவே ஒரு நரம்பு ஒரு சுரத்தையே தரும்.

செய்முறையும் உறுப்புப்பெயரும்

யாழ் செய்யும் முறையைக் கிட்டத்தட்ட வரிசையாகவே கூறும் நூல் மலைபடுகடாம். நரம்பின் குற்றம் நீங்க உருவுதல், நுண்ணிய துளையிடுதல், பத்தரைப் பசையிட்டு இணைத்தல், துளைகளில் ஆணி முடுக்குதல், தந்தத்தால் யாப்பு அமைத்தல், புதிய தோலைப் போர்த்தல் எனத் தொழில்கள் வினையெச்சங்களாக அடுக்கப்பட்டுள்ளன. இவ்வினைச்சொற்களை அணிநலம் கருதிய அடைகளாகக் கொண்டு சுருக்கும் பெயர்ப்பில், ஒரு தொழிலின் நிரல் மறைந்துவிடுகின்றது.

உறுப்புப்பெயர்களுள் பல வேறு துறைகளிலிருந்து வந்தவை. பத்தர் என்பது தொட்டி போலக் குடையப்பட்ட பகுதி. கோடு, மருப்பு ஆகியவை கிளையையும் கொம்பையும் குறிக்கும் சொற்கள். பொருநராற்றுப்படை இவ்வுறுப்பைத் தலைதூக்கிய பாம்போடு ஒப்பிடுகின்றது. நரம்பு உடலுறுப்பின் பெயர். வறுவாய் என்பது உள்நாக்கு இல்லாத வெற்றுவாய். எட்டாம் நாள் திங்களின் வடிவினது.

பத்தரின்மேல் போர்க்கப்படும் தோலின் பெயர் பச்சை. பொருநராற்றுப்படை அதன் நிறத்திற்கு விளக்கின் சுடரை உவமையாக்குகின்றது; மலைபடுகடாம் பொன்னை உவமிக்கின்றது. ஆகவே இங்குப் பச்சை என்பதை நிறப்பெயராகக் கொள்ளுதல் பொருந்தாது. தோல் தொழிலில் பதனிடாத தோலைப் பச்சைத்தோல் என்று கூறும் வழக்கு இன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் மும்பைத் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவருள் திருநெல்வேலிப் பகுதியினர் குறிப்பிடத்தக்கவர். இத்தகைய தொழில்வழக்குகளை அறிவது பழஞ்சொற்களைப் பெயர்ப்போர்க்குப் பெரிதும் துணைசெய்யும்.

மரத்தின் தகுதியும் கருதப்பட்டது. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போர் நிகழ்த்த வந்த சீவகன், நீரில் நின்று கெட்ட மரம், இடி விழுந்த மரம் முதலியவற்றால் செய்த கருவிகளை விலக்குகின்றான். நரம்பில் மயிர் கலந்திருப்பதையும் பிரித்துக் காட்டுகின்றான். அந்நூலில் வீணை, யாழ் ஆகிய இரு சொற்களும் மாறிமாறி வருவது, இருபெயர்களின் எல்லை அக்காலத்தில் நெகிழ்ந்திருந்தமையைப் புலப்படுத்தும்.

திவவு: ஒரு சொல்லின் சிக்கல்

யாழின் இனத்தை முடிவுசெய்வதில் திவவு என்னும் சொல்லுக்குத் தனியிடம் உண்டு. இதனை வீணையின் மெட்டுப் போன்றது எனக் கொண்டால் யாழ் வீணையினத்தைச் சார்ந்துவிடும். உரையாசிரியரோ வார்க்கட்டு எனப் பொருள் கொண்டனர். பொருநராற்றுப்படையில் திவவிற்குக் கரிய நிறத்தாள் ஒருத்தியின் முன்கையை வளைத்துக் கிடக்கும் தொடிகள் உவமை. மலைபடுகடாமும் தொடியையே உவமிக்கின்றது.

இவ்வுவமையின் பொருத்தத்தைச் சௌங் நன்கு விளக்கும். அதன் வளைந்த கழுத்தைச் சுற்றிச் செந்நிறக் கயிறுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு நரம்பும் ஒரு கயிற்றில் முடியும். கயிற்றை முறுக்கியும் நகர்த்தியும் நரம்பின் சுரத்தை ஏற்றவும் இறக்கவும் இயலும். கரிய கோட்டில் வளையங்களாக அமையும் இக்கட்டுகளே முன்கைத் தொடிகளை ஒக்கும். எனவே திவவு என்பது சுரம் கூட்டும் கட்டு எனக் கொள்வதே செய்முறைக்கும் உவமைக்கும் உரையாசிரியர் கருத்துக்கும் இயைவதாகும்.

இதிலிருந்து மற்றொரு கருத்தும் எழுகின்றது. மலைபடுகடாம் பேரியாழின் திவவுகளைத் தொண்டு என எண்ணுகின்றது. தொண்டு என்பது ஒன்பதைக் குறிக்கும் பழைய எண்ணுப்பெயர். ஒரு நரம்பிற்கு ஒரு கட்டு எனக் கொண்டால் அப்பேரியாழ் ஒன்பது நரம்புடையதாதல் வேண்டும். பேரியாழுக்கு 21 நரம்பு என்பது பிற்கால உரைமரபு. இரண்டையும் ஒரே கருவியின் செய்தியாக இணைத்துக் கூறும் குறிப்புரைகள் கால வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

நரம்பும் சுரமும்

தமிழிசை மரபில் நரம்பு என்னும் சொல் சுரத்தையும் குறிக்கும். இணை நரம்பு, கிளை நரம்பு, பகை நரம்பு என்பன சுரங்களுக்கிடையிலான உறவைச் சுட்டும் கலைச்சொற்கள். ஒரு நரம்பில் பல சுரம் பிறக்கும் கருவியில் இத்தகைய பொருள்விரிவு தோன்றுதல் அரிது. ஒரு நரம்பு ஒரு சுரம் என்னும் அமைப்பிலேயே அது இயல்பாகும். யாழ் மெட்டில்லாத கருவி என்பதற்கு மொழியே தரும் சான்று இது. யாப்பு, தொடை ஆகிய சொற்கள் செய்யுளுக்கும் யாழுக்கும் பொதுவாக வழங்குவதும் இங்கு நினைக்கத்தக்கது. கட்டுதல், தொடுத்தல் என்னும் வினைகளே இரண்டிற்கும் அடி.

மீட்டுருவாக்கமும் மொழிபெயர்ப்பும்

பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் 1889இல் பதிப்பித்த பின்னரே இச்சொற்கள் பரவலான ஆய்விற்கு வந்தன. மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இலக்கியம், இசை, கணிதம் ஆகிய மூன்றையும் இணைத்து எழுதிய யாழ்நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அண்மைக் காலத்தில் தருண் சேகர் என்னும் இளம் கருவிவினைஞர் சங்க இலக்கியக் குறிப்புகளைத் துணைக்கொண்டு மரத்தில் யாழைச் செய்து இசைக்கத் தந்துள்ளார். ஏட்டில் நின்ற உறுப்புப்பெயர்கள் மீண்டும் கைவினைஞரின் சொற்களாகும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டுள்ளது.

பண்டை வடமொழியில் வீணா என்பது வளைகோட்டு யாழையும் குறித்தது. ஆயினும் இன்றைய வாசகர் அச்சொல்லால் உணர்வது 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் 24 மெட்டுகளோடு நிலைபெற்ற வீணையையே. லூட் என்னும் சொல்லும் தண்டில் விரல் அழுத்தி இசைக்கும் கருவியையே நினைவூட்டும். ஹார்ப் என்பது இனத்தால் பொருந்தும். ஆனால் ஐரோப்பியப் பேரியாழின் முக்கோண வடிவை மனத்தில் எழுப்பும்.

ஆகவே யாழ் என்னும் பெயரை அவ்வாறே நிறுத்தி, வளைகோட்டு நரம்புக்கருவி என ஒருமுறை விளக்குவதும், உறுப்புப்பெயர்களை அவை செய்யும் தொழில் நோக்கிப் பெயர்ப்பதும் தக்கன. பச்சையைத் தோல் எனவும், திவவைச் சுரம் கூட்டும் கட்டு எனவும், நரம்பை இடம் நோக்கி நரம்பு அல்லது சுரம் எனவும் கொள்ளின், சங்கப் புலவர் கண்ட கருவியையே பிறமொழி வாசகரும் காண்பர்.