கண்டுபிடித்தவருக்கே நோட்டீஸ்: இணையக் கண்காணிப்பும் தாமதமான தில்லிச் சட்டமும்

புது தில்லி: இணையதளம் ஒன்றைத் திறந்தவுடன், குக்கீகளை ஏற்கிறீர்களா என்று கேட்கும் அறிவிப்பு திரையின் அடியில் தோன்றுவதும், அதைப் படிக்காமலேயே "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்திவிட்டு வாசகர் நகர்ந்துவிடுவதும் இன்று அன்றாட நிகழ்வாகிவிட்டன. அந்தக் கேள்விகூடக் கேட்கப்படாமல், பார்ப்பவருக்கும் தெரியாமல், இணையதளத்தை நடத்துபவருக்கும் தெரியாமல், நடுவழியில் ஒரு நிரல் நுழைக்கப்பட்டதை பெங்களூருவைச் சேர்ந்த மென்பொருள் நிரலாளர் ஒருவர் 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அம்பலப்படுத்தினார். அதற்காக அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, குற்றவியல் நடவடிக்கை எடுக்கப்படும் என்ற எச்சரிக்கையுடன் கூடிய வழக்குரைஞர் நோட்டீஸ்.

பத்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தரவுப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. எனினும், அன்று அந்த நிரலாளர் எழுப்பிய கேள்விக்கு முழுமையான விடை இன்னும் கிடைத்தபாடில்லை.

நடந்தது என்ன?: தேஜேஷ் ஜி.என். என்ற அந்த நிரலாளர், பொதுத் தரவுகள் மக்களுக்குத் தங்குதடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று பாடுபடும் தன்னார்வலர்களில் ஒருவராக பெங்களூருவில் அறியப்பட்டவர். ஏர்டெல் நிறுவனத்தின் 3ஜி இணைப்பு வழியாகத் தமது சொந்த இணையதளத்தைப் பார்த்தபோது, அதன் மூலநிரலில் தாம் எழுதாத சில வரிகள் இருப்பதைக் கண்டார். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் அமைந்த அவ்வரிகள் சுட்டிய இணைய முகவரி, ஏர்டெல் நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. தாம் கண்டதை அப்படியே, நிரலாளர்கள் தங்கள் படைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில் அவர் வெளியிட்டார்.

இதை எளிதாக விளக்க வேண்டுமானால், அஞ்சலில் வந்த கடிதத்தை தபால்காரர் நடுவழியில் பிரித்து, தமது துண்டுச்சீட்டு ஒன்றை உள்ளே வைத்து, மீண்டும் ஒட்டிக் கொண்டுவந்து கொடுப்பதற்கு ஒப்பிடலாம். கடிதம் எழுதியவருக்கும் அது தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. அச்சீட்டில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பது அடுத்த கேள்வி. உறையைப் பிரிக்க தபால்காரருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதே முதற்கேள்வி.

சில நாள்களில் மும்பை வழக்குரைஞர் நிறுவனம் ஒன்றின் வழியாக அவருக்கு நோட்டீஸ் வந்தது. அதை அனுப்பச் செய்தது ஏர்டெல் அன்று. இஸ்ரேலைச் சேர்ந்த ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம். அந்த நிரல் தனது அறிவுசார் சொத்து என்றும், அதை வெளியிட்டது பதிப்புரிமை மீறல் என்றும் உரிமை கொண்டாடிய அந்நிறுவனம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தையும் சுட்டிக்காட்டி எச்சரித்திருந்தது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் அளிக்கப்பட்ட புகாரை ஏற்று, கிட்ஹப் தளமும் அப்பதிவை நீக்கியது. தம் வீட்டுக்குள் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளை எடுத்து வாசலில் காட்டியவருக்குத் திருட்டுப் பட்டம் கட்டியதைப் போன்றதுதான் இது.

விவகாரம் பெரிதானதும் ஏர்டெல் விளக்கம் அளித்தது. வாடிக்கையாளர்கள் தாங்கள் பயன்படுத்தும் டேட்டாவின் அளவை அறிந்துகொள்ள உதவும் வகையில், உலகெங்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கையாளும் முறைதான் இது என்றும், தனது பங்குதாரர் நிறுவனம் ஒன்று மூன்றாம் நிறுவனம் வழியாக இதைச் சோதனை முயற்சியாக மேற்கொண்டது என்றும் அது கூறியது. வாடிக்கையாளரின் தகவல்களைக் காப்பதில் எவ்விதச் சமரசமும் இல்லை என்று தெரிவித்ததுடன், நிரலாளருக்கு அனுப்பப்பட்ட நோட்டீஸுக்கும் தனக்கும் தொடர்பே இல்லை என்றும் திட்டவட்டமாக மறுத்தது.

அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா பயன்படுத்தினார் என்பதைக் கணக்கிட்டுத்தான் ஒவ்வொரு நிறுவனமும் கட்டணம் வசூலிக்கிறது. அந்தக் கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கும்போது, அவர் பார்க்கும் பக்கத்துக்குள் நிரலை நுழைக்க வேண்டிய தேவை என்ன?

குக்கீ என்பது: இணையதளம் ஒன்று, அதைப் பார்ப்பவரின் கணினியிலோ செல்பேசியிலோ உள்ள உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பே குக்கீ எனப்படுகிறது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி 1994-இல் இதை உருவாக்கினார். அவரது நோக்கத்தில் குறை காண இயலாது. ஒரு பக்கத்தைத் தந்தவுடன் பார்த்தவரை மறந்துவிடுவது இணையதளத்தின் இயல்பு. எனவே, வாங்குவதற்கென ஒருவர் தேர்ந்தெடுத்த பொருள்களை அடுத்த பக்கத்திலும் நினைவில் வைத்திருக்க ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. மளிகைக் கடைக்காரர் தம் வாடிக்கையாளரின் பெயரில் பற்று நோட்டு வைத்திருப்பதைப் போன்றது அது. அதில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை.

பிறகு வந்ததுதான் சிக்கல். செய்தித்தளத்திலும், திருமணத் தகவல் தளத்திலும், மருத்துவக் குறிப்புகள் தரும் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இடம்பெறுமானால், அந்நிறுவனம் ஒரே அடையாள எண்ணைக் கொண்டு ஒருவரை எல்லா இடங்களிலும் பின்தொடர முடியும். எந்தச் செய்தியைப் படித்தார், எந்த நோயைப் பற்றித் தேடினார், எந்தத் தலைவரின் உரையை இறுதிவரை கேட்டார் என்பதெல்லாம் ஒரே ஏட்டில் பதிவாகின்றன. கடைக்குக் கடை பின்னாலேயே நடந்துவந்து, வாங்கியதையும் விலை கேட்டதையும் குறித்துக்கொள்ளும் அந்நியருக்கு மூன்றாம் தரப்புக் குக்கீ என்று பெயர்.

விளம்பரத்தோடு இது நின்றுவிடுவதில்லை என்பதை அரசியல் நோக்கர்கள் அறிவர். குக்கீ வழியாக நடந்ததல்ல எனினும், ஒருவரது விருப்பு வெறுப்புகளைத் தேர்தலுக்குப் பயன்படுத்த முடியும் என்பதை கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018-இல் வெளிக்கொணர்ந்தது. இந்தியாவில் மட்டும் சுமார் 5.62 லட்சம் பேரின் தகவல்கள் அந்நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே அப்போது ஒப்புக்கொண்டது. அவர்களில் குறிப்பிட்ட செயலியைத் தாமாக நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே. மற்றவர்கள் நண்பர் பட்டியலில் இருந்த 'குற்றத்துக்காக' அகப்பட்டவர்கள்.

தனியொரு குக்கீயைக் காட்டிலும் பெங்களூரு விவகாரத்தில் பயன்பட்ட முறை அச்சமூட்டக்கூடியது. குக்கீயை உலாவியிலிருந்து அழித்துவிடலாம். இணைப்பைத் தரும் நிறுவனமே நடுவில் கைவைத்தால் பயனாளரால் எதை அழிக்க முடியும்? அமெரிக்காவில் வெரிசான் நிறுவனம், தனது செல்பேசி வாடிக்கையாளர்கள் பார்க்கும் தளங்களுக்கு அவர்களின் தனி அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பி வந்தது. அழிக்க முடியாத அந்த ஏற்பாட்டுக்கு 'சூப்பர் குக்கீ' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விசாரணையை அடுத்து, 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13.5 லட்சம் டாலர் அபராதம் செலுத்த வெரிசான் ஒப்புக்கொண்டது. அத்தகைய தகவலைப் பிற நிறுவனங்களுக்கு அளிக்க வாடிக்கையாளரின் முன் ஒப்புதல் பெற வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

பெரும்பாலான தளங்கள் இன்று மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் இயங்குவதால், 2015-இல் செய்ததைப்போல நடுவழியில் நிரலை நுழைப்பது எளிதன்று. உறைக்கு அரக்கு முத்திரை வந்துவிட்டது. ஆனால், கடிதம் எழுதுபவரே உள்ளே துண்டுச்சீட்டை வைத்து அனுப்பினால் முத்திரை என்ன செய்யும்? இன்றைய கண்காணிப்பு அவ்வாறுதான் நடைபெறுகிறது. மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தனது குரோம் உலாவியிலிருந்து அகற்றப்போவதாக 2020-இல் அறிவித்த கூகுள், பலமுறை கெடுவைத் தள்ளிவைத்து, 2024-இல் அம்முடிவிலிருந்து பின்வாங்கியது. ஆப்பிள், மொசில்லா நிறுவனங்களின் உலாவிகள் அவற்றை ஏற்கெனவே தடுத்துவிட்டன என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. விளம்பரத்தையே பெருமளவு நம்பியிருக்கும் நிறுவனத்தால் அது இயலவில்லை என்பதில் வியப்பேதும் இல்லை.

அதே கோடையில் தில்லியில்: பெங்களூருவில் இவ்விவகாரம் வெடித்த அடுத்த மாதமே, அதாவது 2015 ஜூலையில், தில்லியில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் வழக்கு விசாரணைக்கு வந்தது. மத்திய அரசின் சார்பில் ஆஜரான அப்போதைய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்று வாதிட்டார். 1954-ஆம் ஆண்டின் எம்.பி. சர்மா வழக்கையும், 1962-ஆம் ஆண்டின் கரக் சிங் வழக்கையும் அவர் துணைக்கு அழைத்தார். கரக் சிங் வழக்கே கண்காணிப்பைப் பற்றியதுதான். நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டும் போலீஸாரின் அதிகாரத்தை அன்று ரத்து செய்த நீதிமன்றம், ஒருவரின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பதில் அடிப்படை உரிமை மீறல் இல்லை என்று கூறிவிட்டது. போலீஸ்காரர் செய்ததை இன்று நிரல் செய்கிறது; அதற்கு உறக்கமும் தேவையில்லை.

ஆதார் வழக்கைத் தொடுத்தவரும் பெங்களூருவாசியே. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசுவாமி, 2012-இல் தமது 86-வது வயதில் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்து, முந்தைய இரு தீர்ப்புகளில் அதற்கு மாறாக இருந்தவற்றைச் செல்லாதவையாக்கியது.

சட்டம் வந்த பாதை நெடியது. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அறிக்கை அளித்தது. 2019-இல் மசோதா தாக்கலாகி நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போனது. 2022 ஆகஸ்டில் அது திரும்பப் பெறப்பட்டது. இறுதியில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் அறிவிக்கப்பட 2025 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 2024 அக்டோபர் 28-ஆம் தேதி, நீதிபதி புட்டசுவாமி தமது 98-வது வயதில் காலமானார்.

சட்டம் என்ன சொல்கிறது?: குக்கீ என்ற சொல் இச்சட்டத்தில் எங்கும் இல்லை. ஆயினும், ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும் தனிநபர் தரவே என்பதால், குக்கீயில் உள்ள அடையாள எண் ஒருவரைச் சுட்டுமானால் அதுவும் இதன் வரம்புக்குள் வரும். ஒப்புதல் என்பது சுதந்திரமாகவும், நிபந்தனையின்றியும், விவரம் அறிந்தும், தெளிவான செயலின் மூலம் அளிக்கப்பட வேண்டும். முன்கூட்டியே 'டிக்' செய்து வைத்த கட்டத்தை ஒப்புதலாகக் கருத முடியாது என்று ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் 2019-இல் கூறியதும் இதையொத்ததே. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் அதே அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களை இணையத்தில் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய பிரிவு ஒன்றும் உண்டு. ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அளிப்பது கட்டாயம். தமிழ்த் தளங்கள் பலவற்றிலேயே குக்கீ அறிவிப்பு ஆங்கிலத்தில்தான் வருகிறது என்ற நிலையில், இது சிறிய விஷயம் அன்று.

இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் இப்பிரிவுகள், விதிகள் வெளியான நாளிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. அதே சட்டத்தின் மற்றொரு பிரிவு மட்டும் அவகாசம் ஏதுமின்றி உடனடியாக அமலுக்கு வந்தது. தனிநபர் தகவல் என்று கூறி விவரங்களை மறுக்கும் அதிகாரத்தை விரிவாக்கி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பிரிவு அது. குடிமக்கள் அரசைப் பார்க்கும் ஜன்னலைச் சாத்துவதில் இருந்த அவசரம், குடிமக்களைப் பார்ப்பவர்களின் ஜன்னலைச் சாத்துவதில் இல்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைக் காட்டி எந்த அரசு அமைப்புக்கும் விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பதும் மத்திய அரசே.

இழப்பீட்டின் கதை இன்னும் விசித்திரமானது. தகவல்களைக் கவனக்குறைவாகக் கையாண்டு ஒருவருக்கு இழப்பு ஏற்படுத்தும் நிறுவனம் அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு கூறுகிறது. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அப்பிரிவு நீக்கப்பட்டுவிடும். நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதியில் சேருமே தவிர, பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் வராது.

புகார் அளிப்பவருக்கும் சட்டம் சில கடமைகளை விதித்திருக்கிறது. அவரது புகார் பொய்யானது என்றோ அற்பமானது என்றோ வாரியம் கருதினால், 10,000 ரூபாய் வரை அபராதம் அவருக்கு.